குளிர்மலை மிளகாய்: அதன் இயல்பும் செய்கைமுறையும்

மிளகாய் எமது கமக்காரருக்கு நன்கு பழகிய பயிராகும். நெல் அறுவடையான வயல்களிற் சிறுபோகத்திலும், மேட்டுநிலங்களிற் பெரும்போகத்திலும் இது செய்கை பண்ணப்படுகின்றது. பச்சையாகவும் செத்தலாகவும் விற்று ஓரளவு காசு காணத்தக்க பயிர் இதுவாதலால், புதியதொரு மிளகாயைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் அதனைப் பயிரிட்டுப் பார்க்க வேண்டுமென்னும் ஆவல் கமக்காரருக்கு உண்டாதல் இயல்பே.

அவ்வாறு கேள்விப்படும் மிளகாய்களுள் ஒன்று, குளிர்ந்த மலைகளில் வளரும் கருவிதை மிளகாய். அதன் காய் சிறு அப்பிள் பழத்தளவு பருமனுடையது என்றும், ஒரு முறை நட்டாற் பல ஆண்டுகள் காய்க்கும் என்றும், ஏனைய மிளகாய்கள் வாடும் குளிரிலும் தழைக்கும் என்றும் கூறுவர். இவை யாவும் உண்மையே. ஆயினும், இவ்வுண்மைகளை மாத்திரம் கேட்டுவிட்டு வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இம்மிளகாயை நடுபவர், நன்கு தழைத்த செடியைக் காண்பாரேயன்றிக் காயைக் காணமாட்டார். அஃது ஏன் என்பதை விளக்குவதும், இம்மிளகாய் எவ்விடத்துக்கு ஏற்றது, எவ்வாறு வளர்க்கப்படுவது என்பவற்றை எடுத்துரைப்பதுமே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. மிளகாய் ஓர் இனமன்று

நாம் "மிளகாய்" என்னும் ஒரே பெயரால் அழைப்பவை யாவும் ஒரே இனத் தாவரங்கள் அல்ல. உலகிற் பயிர்செய்யப்படும் மிளகாய் ஐந்து இனங்களாகும். இவ்வைந்துக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். மிளகாய் எமது நாட்டிற் பரவியது அவர்கள் வருகைக்குப் பின்னராகும். அதற்கு முன் எமது கறிகளுக்குக் காரம் தந்தது மிளகே.

எமது வயல்களில் நாம் பயிரிடும் பச்சை மிளகாய், செத்தல் மிளகாய், கறிமிளகாய் ஆகியன கப்சிக்கம் அன்னுவம் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இங்கு கூறப்படும் குளிர்மலை மிளகாயோ கப்சிக்கம் பியூபெசென்சு எனப்படும் வேறோர் இனமாகும். "பியூபெசென்சு" என்பது "மெல்லிய மயிர் உடையது" எனப் பொருள்படும் இலத்தீன் சொல். ஸ்பானியத் தாவரவியலாளரான உரூயிசு, பாவோன் என்னும் இருவர் 1799 ஆம் ஆண்டில் இதனை விவரித்து இப்பெயரை இட்டனர்.

2. தாயகமும் பரவிய இடங்களும்

தென்னமெரிக்காவின் மேற்குப் பக்கமாக நீண்டு செல்லும் அந்தீசு மலைத்தொடரில், பேரு, பொலீவியா ஆகிய நாடுகளின் மலைச்சாரல்களே இம்மிளகாயின் தாயகமாகும். பேருவில் இதனை "றொக்கோட்டோ" என்றும் பொலீவியாவில் "லொக்கோட்டோ" என்றும் அழைப்பர். இதன் காட்டுவகை எங்கும் காணப்படவில்லை. ஆகவே, மனிதர் நெடுங்காலமாகத் தெரிந்தெடுத்து வளர்த்து வந்த பயிர் இது என்பது தெளிவு.

பேருவில் இன்கா அரசர் வழியில் வந்த தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த கார்சிலாசோ என்னும் வரலாற்றாசிரியர், 1609 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் இம்மிளகாயைப் பற்றி எழுதியுள்ளார். பருத்த மிளகாய் என்னும் பொருளில் அந்நாட்டு மக்கள் இதனை "றொக்கொத் ஊச்சு" என வழங்கினர் என்கிறார். மிளகாய் இன்றி அம்மக்கள் உணவு கொள்வதில்லை என்றும், கடும் நோன்பு காக்கும் நாட்களில் மாத்திரம் அதனை விலக்கினர் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். விரத நாட்களிற் சிலவற்றை விலக்கும் வழக்கமுடைய எமக்கு இஃது எளிதில் விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மிளகாய் மெக்சிக்கோ நாட்டு மலைப்பகுதிகளிலும் வேரூன்றியது. அங்கு "அப்பிள் மிளகாய்" எனப் பொருள்படும் "மன்சானோ" என்பது அதன் பெயர். மிச்சோவக்கான் மாகாணத்தில் ஆனைக்கொய்யாத் தோட்டங்களில் மரங்களின் இடையே இதனைப் பயிரிடுவோரும் உளர். ஆசியாவில் யாவாத் தீவின் மலைகளில் இது செய்கை பண்ணப்படுகின்றது. அத்தீவின் நடுப்பகுதியிலுள்ள தியெங் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீற்றர் (6,500 அடி) உயரமானது, உருளைக்கிழங்குக்குப் பேர்பெற்றது. அது பூமத்தியகோட்டுக்குத் தெற்கே 7 பாகையளவில் உள்ளது. எமது நுவரெலியா அக்கோட்டுக்கு வடக்கே 7 பாகையளவில், 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. இவ்வொப்புமையை மனத்திற் கொள்க.

3. அடையாளங்கள்

இம்மிளகாயை ஏனைய மிளகாய்களிலிருந்து பிரித்தறிதல் மிக எளிது. பின்வரும் மூன்று அடையாளங்களையும் பாருங்கள்.

(அ) விதை: எமது மிளகாயின் விதை வெளிறிய மஞ்சள் நிறமானது; இதன் விதையோ கறுப்பு நிறமானது; சுருக்கமுடையது. பயிர்செய்யப்படும் ஐந்து இனங்களுள் கருவிதை உடையது இஃதொன்றே.

(ஆ) பூ: எமது மிளகாயின் பூ வெண்மையானது, இதன் பூ ஊதா நிறமானது.

(இ) இலை: இலையும் இளந்தண்டும் மெல்லிய மயிர் போர்த்தவை. விரலால் தடவினால் இவ்வேறுபாடு தெரியும்.

காய் உருண்டையாகவோ பேரிக்காய் வடிவமாகவோ இருக்கும். முற்றியபின் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் ஆகிய நிறங்களுள் ஒன்றைப் பெறும். சதை தடித்தது, சாறு மிக்கது. பார்வைக்குக் கறிமிளகாய் போலத் தோன்றினும் காரம் மிகக் கடுமையானது. அறியாதவர் கறிமிளகாய் என எண்ணிக் கடித்து வருந்துவது உண்டு.

செடி சில ஆண்டுகளில் ஆள் உயரத்துக்கு மேலாகப் புதர்போல் வளரும். தகுந்த இடத்திற் பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும்.

இம்மிளகாய் எமது மிளகாயுடன் கலந்து கருக்கட்டுவதில்லை. ஆகவே இதன் மகரந்தத்தால் அயலிலுள்ள கறிமிளகாய் விதை கலப்புறும் என அஞ்ச வேண்டியதில்லை. எமது மிளகாய் வர்க்கங்களுடன் கலந்து புதிய வர்க்கம் உண்டாக்கலாம் என எண்ணுவதும் வீணே.

4. காலநிலை: இதுவே முதன்மையான விடயம்

ஒவ்வொரு பயிரும் தான் பிறந்த இடத்தின் வெப்பநிலைக்குப் பழகியது. குளிர்மலை மிளகாய் அந்தீசு மலையில் ஏறத்தாழ 1,500 மீற்றர் முதல் 3,000 மீற்றர் வரையுள்ள உயரங்களிற் செய்கை பண்ணப்படுகின்றது. அங்கு பகல் மிதமான வெப்பமுடையது, இரவு குளிர்ந்தது. கடும் வெயிலும் இல்லை, கடும் உறைபனியும் இல்லை. 20 பாகை செல்சியசு அளவான பகல் வெப்பநிலை இதற்கு உகந்தது. தாழ்நாட்டு வெப்பத்தில் இது இலையை விடும், கிளையை விடும், பூவையும் விடும். ஆனால் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும். பசளை இட்டாலும் நீர் ஊற்றினாலும் இக்குறை தீராது. குறை மண்ணில் இல்லை. காற்றின் வெப்பத்தில் உள்ளது.

உங்கள் காணி இதற்கு ஏற்றதா என்பதை நீங்களே கணித்து அறியலாம். எமது நாட்டிற் கடல்மட்டத்தில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு. மலையில் ஏற ஏற ஒவ்வொரு 100 மீற்றருக்கும் (ஏறத்தாழ 330 அடிக்கும்) முக்காற் பாகைக்குச் சற்றுக் குறைவாக வெப்பம் தணியும். இக்கணக்கின்படி:

கடற்கரையிலும் வடகீழ்ச் சமவெளிகளிலும் 27 பாகை: இம்மிளகாய்க்கு முற்றிலும் ஏற்றதன்று.

கண்டியைப் போன்ற 500 மீற்றர் உயரமான இடங்களில் 24 பாகை: ஏற்றதன்று.

பண்டாரவளையைப் போன்ற 1,200 மீற்றர் உயரமான இடங்களில் 19 அல்லது 20 பாகை: இஃது எல்லையெனலாம். வெப்பமான மாதங்களிற் பூ உதிரக்கூடும்.

நுவரெலியாவைப் போன்ற 1,800 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் 15 அல்லது 16 பாகை: இதன் தாயகத்தை ஒத்தது.

ஆயினும், குளிர்மலை மிளகாய் என்னும் பெயரைக் கொண்டு அஃது எக்குளிரையும் தாங்கும் என எண்ணிவிடாதீர்கள். குளிரைத் தாங்குவது வேறு, உறைபனியைத் தாங்குவது வேறு. உறைபனி படிந்தால் இலைகள் கருகும். கடும் உறைபனியிற் செடியே மடியும். நுவரெலியாப் பகுதியில் தை, மாசி மாதங்களிற் சில இரவுகளிற் பள்ளமான நிலங்களில் உறைபனி படிவது மலைநாட்டுக் கமக்காரர் அறிந்ததே. கனமான குளிர்காற்றுச் சரிவின் வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதே இதற்குக் காரணம். ஆகவே, பள்ளத்தை விலக்கிச் சரிவின் நடுப்பகுதியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

5. இது செத்தலாகாது

எமது நாடு செத்தல் மிளகாயிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து, சிறப்பாக இந்தியாவிலிருந்து, இறக்குமதி செய்கின்றது. இக்காரணத்தினாற் பருத்த காய்களையுடைய எம்மிளகாயும் இலாபம் தரும் எனச் சிலர் கருதலாம். அக்கருத்து இங்கு பொருந்தாது. செத்தலுக்கு மெல்லிய தோலும் குறைந்த சாறும் உடைய காய் வேண்டும். குளிர்மலை மிளகாயின் சதை தடித்தது. வெயிலிற் பரப்பினால் உலரும் முன்னரே அழுகத் தொடங்கும். மேலும், அது விளையும் மலைகளில் மழையும் முகிலும் மிகுதி. காயவைக்க வேண்டிய வெயிலோ குறைவு.

இதன் தாயகத்திலும் இதனைப் புதிதாகவே பயன்படுத்துகின்றனர். பேருவின் அரேக்கிப்பா நகரத்தில் இக்காயின் விதையையும் உள்நரம்பையும் அகற்றி, அவித்துக் காரத்தைத் தணித்து, இறைச்சியை உள்ளிட்டு, மேலே பாற்கட்டி இட்டு வேகவைப்பர். பொலீவியாவில் இதனைத் தக்காளியுடன் சேர்த்து, எமது அம்மியைப் போன்ற கல்லில் அரைத்துச் சம்பல் போல உண்பர். ஆகவே இது கறிக்கும், சம்பலுக்கும், ஊறுகாய்க்கும் உரியது. செத்தல் மிளகாய்க்கு ஈடாக ஒருபோதும் ஆகாது. சந்தையில் இதனைக் கேட்டு வாங்குவோர் உளரா என்பதை முன்னரே விசாரித்து அறியாமல் ஒரு பரப்புக் காணியைத்தானும் இதற்கென ஒதுக்குதல் தகாது.

6. விதையைப் பெறுதல்

விதை சிறியது, உறையிலிட்டு அனுப்ப எளிது. வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேட்டுத் தபால் மூலமோ பயணப்பெட்டியிலோ வருவித்தால் என்ன என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறு செய்யாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு விதைகளையும் நடுகைப் பொருள்களையும் அனுமதியின்றிக் கொண்டுவருதல் குற்றமாகும். இவற்றைப் பரிசோதிப்பதற்கெனக் கட்டுநாயக்காவிலே தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சேவை இயங்குகின்றது.

இது வெறும் சட்டவிதியன்று. மிளகாயைத் தாக்கும் வைரசுகளுட் சில விதைத்தோலில் ஒட்டி வருபவை. விதை பார்வைக்கு நன்றாயிருக்கும், நாற்றும் முளைக்கும், நோயோ ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கையாலும் கத்தியாலும் பரவும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கத்தரி ஆகிய யாவும் ஒரே குடும்பத் தாவரங்கள். ஆகவே ஒருவர் வீட்டுத் தோட்டத்திற் புகுந்த நோய் அயலவரின் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கக்கூடும். 1869 ஆம் ஆண்டில் எமது மலைநாட்டுக் கோப்பியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளளவிற் பெருந்தோட்டக் கோப்பிச் செய்கை இந்நாட்டில் அழிந்தது. ஒரு நோய் ஒரு தொழிலையே ஒழிக்கும் என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. இவ்விதையை விரும்புவோர் முதலில் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

7. செய்கைமுறை

முறைப்படி விதை பெற்ற மலைநாட்டுக் கமக்காரர் வீட்டுத் தோட்டத்தில் ஆறு அல்லது எட்டுச் செடிகளுடன் தொடங்குதல் நன்று. செடி தனித்து நிற்பதினும் சில செடிகள் அருகருகே நின்று தேனீக்களும் வந்து செல்லுமிடத்துக் காய்ப்பு நன்றாகும்.

நாற்று: இவ்விதை மெதுவாக முளைப்பது. இரண்டு முதல் நான்கு கிழமைகள் வரை பொறுத்திருக்க வேண்டும். முளைக்கவில்லையென எண்ணி மேடையைக் கிளறிவிடாதீர்கள். மேல்மண், மணல், உக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து, சாடிகளில் அல்லது உயர்ந்த நாற்றுமேடையில் அரை அங்குல ஆழத்தில் விதையை இடுக. மழையினின்றும் கடுங்குளிரினின்றும் காக்கக் கூரை அமைக்க. நாற்று ஆறு அல்லது எட்டு இலை விட்டபின் நடலாம். இதற்கு இரண்டு மாதம் வரை செல்லும்.

நிலம்: நீர் தேங்காத, சேதனப்பொருள் மிக்க மண் வேண்டும். சரிவு நிலமாயின் சமவுயரக் கோட்டின் வழியே வரம்பும் வடிகாலும் அமைத்த பின்னரே நடுக. மேல்மண் மழையோடு போய்விட்டால், எந்தப் பசளையும் அதனை ஈடு செய்யாது. சென்ற போகத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, கறிமிளகாய் ஆகியவற்றுள் எதனையேனும் பயிரிட்ட இடத்தை விலக்குக. கோவா, கரட், லீக்சு, போஞ்சி ஆகியன நின்ற இடம் ஏற்றது.

நடுகை: ஒன்றரை அடி நீளமும் அகலமும் ஆழமும் உடைய குழிகளை நான்கு அல்லது ஐந்து அடி இடைவெளியில் வெட்டி, ஒரு கூடை நன்கு உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ மேல்மண்ணுடன் கலந்து நிரப்பி, மாலை வேளையில் நடுக. இது பல ஆண்டுப் பயிராதலால் நெருக்கி நட்டால் இரண்டாம் ஆண்டிற் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, காற்றோட்டம் குன்றி, நோய் மிகும்.

தாங்குகோலும் நிழலும்: கிளைகள் காய்களின் பாரத்தால் எளிதில் முறிவன. ஆதலால் ஒவ்வொரு செடிக்கும் உறுதியான கோல் நாட்டிக் கட்டுக. உச்சிவெயில் கடுமையாகவுள்ள இடங்களில் மெல்லிய நிழல் நன்மை தரும். மெக்சிக்கோவில் ஆனைக்கொய்யாவின் கீழ் இது வளர்வதை மேலே குறிப்பிட்டோம். ஆயினும் அடர்ந்த நிழலிற் காய்ப்புக் குறையும்.

பசளையும் நீரும்: ஆண்டுக்கு இரு முறை செடியைச் சுற்றி எருவிட்டு மண் அணைக்க. நைதரசன் பசளையை மிகுதியாக இட்டால் இலை பெருகும், காய் குறையும். வேரடியை வைக்கோலாலோ காய்ந்த புல்லாலோ மூடி வைத்தால் ஈரமும் நிலைக்கும், களையும் குறையும். ஆனால் மூடுபடை தண்டைத் தொடலாகாது. வரட்சியில் அளவாக நீர் ஊற்றுக. வேரில் நீர் தேங்க விடாதீர்கள்.

கவ்வாத்து: பெரும் அறுவடை முடிந்தபின் காய்ந்த, முறிந்த, உள்நோக்கி வளர்ந்த கிளைகளை வெட்டி அகற்றுக. கத்தியைச் செடிக்குச் செடி சவர்க்கார நீரிற் கழுவுதல் வைரசு பரவாமற் காக்கும்.

8. நோய்களும் பீடைகளும்

குளிருக்கு ஏற்றது என்பதனால் இது நோய்க்கு அப்பாற்பட்டதாகாது. ஈரம் மிகுந்த மண்ணில் வேரழுகல் உண்டாகிச் செடி திடீரென வாடும். இது மண்ணில் வாழும் ஒருவகைக் கிருமியால் வருவது. நோயுற்ற செடியைக் காப்பாற்ற முடியாது. அதனை வேருடன் பிடுங்கி அகற்றி, அக்குழியில் மீண்டும் மிளகாய்க் குடும்பப் பயிர் எதனையும் நடாதீர்கள். பற்றீரியா வாடல் நோயும், வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழுவும் இதனைத் தாக்குவன. அழுக்கணவன் பூச்சிகள் இலையின் சாற்றை உறிஞ்சுவதோடு வைரசையும் பரப்பும். இலை சுருண்டு தேமல் கண்ட செடிகளை ஆரம்பத்திலேயே அகற்றுதல், பல செடிகளைக் காப்பதற்கு மலிவான வழியாகும். மருந்து தெளிக்க வேண்டியவிடத்து விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்றே தெளிக்க.

9. அறுவடை

பொறுமையற்றவருக்கு உரிய பயிர் அன்று இது. எமது மிளகாய் நட்டு இரண்டரை மாதமளவிற் பச்சைக் காய் தரும். இதுவோ நட்டு ஐந்து மாதமோ அதற்கு மேலோ சென்ற பின்னரே முற்றிய காய் தரும். முதலாண்டின் விளைவைக் கொண்டு இதனை மதிப்பிடுதல் ஆகாது. இரண்டாம் ஆண்டிலிருந்தே செடி முழுப் பயன் தரும். காயைக் காம்புடன் கத்தரித்து எடுக்க. இழுத்துப் பறித்தாற் கிளை முறியும்.

விதையையும் உள்நரம்பையும் அகற்றும்போது கையுறை அணிக. காரத்தைத் தரும் பொருள் நீரிற் கரையாதது, கொழுப்பிற் கரைவது. ஆகவே கை எரிந்தால் முதலில் எண்ணெய் பூசிப் பின் சவர்க்காரத்தாற் கழுவுக. வாய் எரிந்தால் நீரினும் தயிர் நன்று. அக்கையாற் கண்ணைத் தொடாதீர்கள். சிறுவரை அருகில் விடாதீர்கள்.

10. நினைவிற் கொள்ள வேண்டியவை

தாழ்நாட்டு நெற் கமக்காரரே, இப்பயிர் உங்களுக்குரியதன்று. உங்கள் வெப்பத்துக்கென மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளியிடப்பட்ட எம்.ஐ. 1, எம்.ஐ. 2 போன்ற வர்க்கங்கள் உள்ளன. குளிர்மலை மிளகாய்க்குச் செலவிடும் ஓராண்டையும் கடன் காசையும் நல்ல விதைக்கும் நல்ல பராமரிப்புக்கும் செலவிடுங்கள்.

மலைநாட்டு மரக்கறிக் கமக்காரரே, 4,000 அடிக்கு மேற்பட்ட, உறைபனி தேங்காத சரிவு உங்களிடம் இருப்பின், வீட்டுத் தோட்டத்திற் சில செடிகளாக மாத்திரம் இதனை முயலலாம். உங்கள் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் பதிலாக இதனை வைக்காதீர்கள்.

யாரேனும் "புது மிளகாய் விதை" என ஒன்றைக் கொண்டுவந்து விற்க முயன்றால் விதையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாயின், அது மலைக்குரியது. வெளிறிய மஞ்சளாயின், குளிர்மலை மிளகாய் எனக் கூறி விற்பவரின் சொல் பொய். எவ்வாறாயினும், எங்கிருந்து வந்தது எனத் தெரியாத விதையை வாங்காதீர்கள்.

பயிர் புதியது என்பதற்காக அது நல்லதாகாது. அயல்நாட்டது என்பதற்காகத் தீயதும் ஆகாது. நிலத்துக்கு ஏற்ற பயிரே நல்ல பயிர். மேலும் விபரம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.